சம ஆசனமும் ஆசிரியர் பயிற்சியும்

பாடசாலையில் புதிதாகச் சேர வந்த ஒரு பிள்ளை ஆசிரியர் முன் நிற்கின்றது. ஆசிரியர் இடாப்பைத் திறந்து பிள்ளையின் பெயரைக் கேட்கின்றார். தந்தையின் பெயரையும் தொழிலையும் கேட்டு எழுதுகின்றார். பின்னர், "சொந்த ஊர் எது?" என்று வினவுகின்றார். கேட்பதற்கு இஃது எளிய வினாவாகவே தோன்றும். ஆயினும் இலங்கையின் வடபாகத்தில் வாழும் நம்மவருக்கு இவ்வினாவின் உட்பொருள் நன்கு தெரியும். ஊரைச் சொன்னால் குறிச்சியைக் கேட்பர். குறிச்சியைச் சொன்னால் குலம் விளங்கிவிடும். வன்னிப் பெருநிலத்திலோ இதே வினாவுக்கு இன்னொரு பயனும் உண்டு. பிள்ளையின் முன்னோர் யாழ்ப்பாணத்தவரா, வன்னியின் பழங்குடிகளா, அல்லது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவரா என்பதை அவ்வினா காட்டிக்கொடுத்துவிடுகின்றது. விடை தெரிந்த அக்கணத்திலேயே ஆசிரியர் உள்ளத்தில் அப்பிள்ளைக்கு ஓர் இடம் குறிக்கப்பட்டுவிடுமாயின், வகுப்பறையில் அதற்கு எந்த வாங்கைக் கொடுத்தும் பயனில்லை.

பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கத்தைக் கல்விக்கூடத்திலிருந்து நீக்குவதற்கு, முதலில் பயிற்றப்பட வேண்டியவர் மாணவரா, ஆசிரியரா என்னும் கேள்வி இன்று உலகின் பல நாடுகளில் பேசப்படுகின்றது. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் இதற்கெனத் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது புதிய கருத்துப் போலத் தோன்றலாம். உண்மையில் இக்கேள்வி நம் மண்ணிலேயே ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்ந்து, அது வன்னிக்குச் சொல்லும் பாடம் யாது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிமாரும், அவர்களுக்கு எதிர்முகமாக நின்ற சைவப் பெரியோரும் போட்டியிட்டுப் பாடசாலைகளை நிறுவியமையால், யாழ்ப்பாணத்தில் கல்வி செழித்தது. அச்செழிப்பில் பங்கு எல்லோருக்கும் கிட்டவில்லை. தாழ்த்தப்பட்ட சாதியினர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகள் கதவை அடைத்தன. கதவு திறந்த இடங்களிலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இவர்கள் தரையில் இருந்து படிக்க வேண்டியிருந்தது. ஒரே கூரையின் கீழ், ஒரே ஆசிரியரின் குரலைக் கேட்டு, ஒரே நூலைப் படித்த பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் மண்ணில் இருந்தனர். எழுத்தறிவோடு இந்த ஏற்றத்தாழ்வையும் இரு பகுதியினரும் அன்றாடம் கற்றுவந்தனர்.

இக்கொடுமையை எதிர்த்து எழுந்த குரல்களுள் 1924ஆம் ஆண்டில் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் குரல் குறிப்பிடத்தக்கது. பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இவ்வியக்கத்தின் முதன்மையானவர்களுள் ஒருவர் ஹன்டி பேரின்பநாயகம். அவர் ஓர் ஆசிரியர். பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்று அவ்வியக்கம் தன் தொடக்க காலத்திலேயே தீர்மானித்தது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவ்வியக்கத்தின் அழைப்பின் பேரிலேயே ஆகும். ஒடுக்கப்பட்ட மக்களும் தமக்கெனச் சங்கம் அமைத்து உரிமை கேட்கத் தலைப்பட்ட காலம் அது.

இம்முயற்சிகளின் பயனாக, அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்பட வேண்டும் என்று 1929ஆம் ஆண்டில் கல்விப் பகுதியினர் பணித்தனர். ஒரு வாங்கில் இருவரை அருகருகே இருக்கச் செய்யும் ஆணைதான் அது. ஆயினும் அதற்கு எழுந்த எதிர்ப்பு பெரிது. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தினர். ஆணையைத் திரும்பப் பெறுமாறு அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் போயின. 1930ஆம் ஆண்டளவில் சம ஆசனம் வழங்கிய பாடசாலைகள் பல தீக்கிரையாயின. அவற்றுக்குத் தீ வைத்தவர் அந்நியர் அல்லர். அதே ஊரில் பிறந்து, அதே மொழியைப் பேசி, அதே கோயில் தேரை இழுத்தவர்களே தீ வைத்தனர். நமக்குப் பிறர் இழைத்த அநீதிகளைப் பேசுகின்ற வேளையில் இதனையும் மறவாது சொல்லுதல் வரலாற்றுக்கு நாம் செய்யும் கடமையாகும்.

இவ்விடத்தில் ஒரு செய்தி கருதத்தக்கது. சம ஆசனத்தோடு சம போசனம் என்னும் பிரச்சினையும் அக்காலத்தில் எழுந்தது. அது பிள்ளைகளின் வகுப்பறையோடு நிற்கவில்லை. ஆசிரியராக வரவிருந்தோர் தங்கிப் பயின்ற கலாசாலைகளின் உணவுச்சாலைகளையும் எட்டியது. ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒருவரோடு ஒரே பந்தியில் இருந்து உண்ண மாட்டேன் என்று சொல்லும் ஆசிரிய மாணவர், நாளை ஒரு கிராமத்துப் பாடசாலையில் அவ்வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து எங்ஙனம் எழுதக் கற்பிப்பார்? உளவியலும் கல்வித் தத்துவமும் படித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம். பந்தியில் தோற்றவர் வகுப்பறையிலும் தோற்றவரே. ஆசிரியர் பயிற்சி என்பது மனப்பான்மையையும் பயிற்றுவதாக இருத்தல் வேண்டும் என்னும் உண்மையை, ஏட்டில் எழுதப்படுவதற்கு முன்னரே அந்த உணவுச்சாலைகள் நமக்குக் காட்டின.

காலம் நகர்ந்தது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலையில் சேரவிடாது தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டத்தின் பார்வையில் வாங்குப் போர் முடிந்தது. எனினும் சட்டம் வகுப்பறையின் வாசல் வரைதான் வரும். உள்ளே யாரை முன்னே இருத்துவது, யாரைப் பின்னே இருத்துவது, யாரிடம் கேள்வி கேட்பது, யாரைத் தும்புத்தடி எடுத்து வரச் சொல்வது என்பனவெல்லாம் ஆசிரியர் கையிலேயே எஞ்சி நின்றன.

இனி வன்னிக்கு வருவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய இப்பெருநிலம் குளத்தாலும் வயலாலும் காட்டாலும் ஆனது. முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, கனகராயன்குளம், பனங்காமம் முதலிய பழைய ஊர்களில் குளத்தை நம்பி வாழ்ந்த குடிகள் நெடுங்காலமாக இருந்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. அதன் பின்னர் குடியேற்றத் திட்டங்கள் வழியே யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்றோர் பலர் வந்து சேர்ந்தனர். முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபருக்கெனத் திட்டங்கள் தோன்றின. ஆசிரியர்களும் பெரும்பாலும் குடாநாட்டிலிருந்தே வந்தனர். கஷ்டப் பிரதேசச் சேவை என்று சில ஆண்டுகள் பணியாற்றி, வார இறுதியில் ஊருக்குச் சென்று, மாற்றம் கிடைத்ததும் திரும்பிவிடுவோர் அவர்களுள் பலர். பிள்ளைகளின் வாழ்வை அறிவதற்கு அவர்களுக்கு நாளும் போதவில்லை. சிலருக்கு மனமும் போதவில்லை.

இந்நிலத்துக்குக் கடைசியாக வந்தவர் மலைநாட்டுத் தமிழர். கடைசியாக வந்தவர் என்று சொல்வதும் முழுமையாகச் சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் விளிம்பிலுள்ள காட்டு வழியே, தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். பசியாலும் நோயாலும் அவ்வழியில் மாண்டவர் பலர். அந்நடைப் பயணத்திற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், அவர்களின் வழித்தோன்றல்கள் அதே காட்டுப் புறத்துக்கு அகதிகளாகத் திரும்பி வந்தனர்.

அவர்கள் வரக் காரணம் என்ன? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்னர்த் தீர்மானிப்பதாக விட்டது. எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1977ஆம் ஆண்டின் இனக்கலவரம் ஆயிரக்கணக்கானோரை லயன் அறைகளிலிருந்து துரத்தியது. தமிழர் வாழும் நிலத்தில் பாதுகாப்பு உண்டு என்று நம்பி அவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தனர். காட்டை வெட்டினர், கொட்டில் போட்டனர், பிறர் வயலில் கூலிக்கு உழைத்தனர். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம், பொன்னகர் எனக் கிளிநொச்சியைச் சூழவுள்ள பல ஊர்களில் அவர்கள் உழைப்பைக் காணலாம்.

வந்தவர்களுக்குப் பாதுகாப்பு ஓரளவு கிடைத்தது; மதிப்புக் கிடைத்ததா? 'தோட்டக்காட்டான்' என்றும் 'வடக்கத்தியான்' என்றும் 'இந்தியாக்காரன்' என்றும் அவர்களைச் சுட்டும் சொற்கள் தெருவில் இருந்தன, சந்தையில் இருந்தன, பாடசாலைக்குள்ளும் நுழைந்தன. பிள்ளையின் பேச்சு வழக்கு நகைக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, நிலத்துக்கு உறுதி இல்லை, நிலையான முகவரி இல்லை என்பன பாடசாலை அனுமதிக்குத் தடைகளாயின. அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் கூலிக்குச் சென்ற பிள்ளையை, "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒதுக்கிவிடுவது எளிதாயிருந்தது. அரசு அவர்களை இந்தியர் என்று ஒதுக்கியதைக் கண்டித்த நாமே, அதே சொல்லால் அவர்களை வகுப்பறையில் ஒதுக்கினோம்.

இச்சூழலில் வவுனியாவில் நிகழ்ந்த ஒரு முயற்சியை இங்கே விரித்துக் கூறுதல் தகும். எழுபதுகளின் பிற்பகுதியில் கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட் அவர்களும், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் அவர்களும் காந்தீயம் என்னும் அமைப்பை நடத்தினர். அகதிகளாக வந்த மலைநாட்டு மக்களைக் குடியமர்த்துவதும் அவர்கள் தம் காலில் நிற்க உதவுவதும் அதன் பணிகளாயின. மணலாற்றுப் பகுதியிலிருந்த கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்பன அவ்வகையில் பெயர் பெற்றவை. ஆனால் நம் பொருளுக்கு இன்றியமையாதது அவ்வமைப்பு நடத்திய பாலர் பள்ளிகளே. கிராமத்து இளம்பெண்களைத் தேர்ந்து, அவர்களுக்குப் பயிற்சி அளித்து, தத்தம் கிராமங்களில் சிறுவர்க்குக் கற்பிக்கவும் பால் வழங்கவும் உடல்நலம் பேணவும் அனுப்பினார்கள். வன்னியில் தொடங்கிய இப்பணி கிழக்கு மாகாணத்துக்கும் பரவிற்று.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். புதுமை இரண்டு. முதலாவது, அக்குடியிருப்பிலேயே வாழும் பெண் ஒருத்தி அங்குள்ள பிள்ளைகளின் ஆசிரியை ஆனாள். "சொந்த ஊர் எது?" என்று கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. பிள்ளையின் கொட்டிலும் அவளது கொட்டிலும் ஒரே ஒழுங்கையில் இருந்தன. இரண்டாவது, பயிற்சி என்பது பாடம் சொல்லும் முறையோடு முடியவில்லை. பல ஊரிலிருந்தும் வந்தவர்கள் ஒன்றாக வாழ்ந்தும் உழைத்தும் பயின்றனர். கலாசாலைப் பந்தியில் முன்னொரு காலத்தில் தோற்ற பாடத்தை இங்கே சேர்ந்து வாழ்ந்தே கற்றனர் எனலாம்.

அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1983ஆம் ஆண்டு ஏப்பிரலில் டேவிட் அவர்களும் இராஜசுந்தரம் அவர்களும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார். 1984ஆம் ஆண்டில் பண்ணைகளிலிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். பாலர் பள்ளிகளும் அவற்றோடு வளர்ந்திருக்கக்கூடிய ஓர் ஆசிரிய மரபும் சிதறின. நீண்ட காலம் இந்தியாவில் வாழ்ந்த டேவிட் அவர்கள், முதுமையில் தாயகம் திரும்பி, 2015ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலேயே காலமானார்.

அதன் பின் வந்த போர்க்காலத்தை நேயர்கள் அறிவீர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய ஊர்களில் ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகள் பிரிந்தனர். 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபோது மூன்று இலட்சத்தை அண்டிய மக்கள் வவுனியா முகாம்களில் இருந்தனர். பாடசாலைகள் பல தங்குமிடங்களாயின. முகாமிலும் ஆசிரியர்கள் மரநிழலில் நின்று பாடம் சொன்னார்கள் என்பது பெருமைக்குரியது. மீள்குடியேறிய பின் வன்னி வகுப்பறை முன்னிலும் பலவகைப்பட்டதாயிற்று. பழைய வன்னிக் குடிப்பிள்ளையும், குடாநாட்டு வழிப்பிள்ளையும், மலைநாட்டு வழிப்பிள்ளையும், இருபது ஆண்டுகள் புத்தளத்தில் வளர்ந்து திரும்பிய குடும்பத்தின் முஸ்லிம் பிள்ளையும் வன்னிப் பாடசாலைகளில் உள்ளனர். வவுனியா மாவட்டத்தில் சிங்கள மொழிப் பாடசாலைகளும் உள்ளன. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய மலைநாட்டுத் தமிழருக்குக் குடியுரிமையை அளித்துவிட்டது. சட்டம் தந்த குடியுரிமையை வகுப்பறை ஏற்றுக்கொண்டதா என்பதே இப்போதைய வினா.

பிற நாடுகளின் அனுபவமும் இங்கே துணை செய்யும். அமெரிக்காவில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பாடசாலைகளில் வைத்திருக்கும் முறை சட்டத்துக்கு முரணானது என்று 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடசாலைகள் ஒன்றிணைக்கப்பட்டபோது பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்கள் தம் தொழிலை இழந்தனர். பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வந்தனர். அவர்களைத் தம் பிள்ளைகளாக எண்ணிக் கற்பித்தவர்கள் வெளியே நின்றனர். வாங்கைச் சமமாக்கிய கையே ஆசிரியரை அகற்றிய கதை இது. 1968ஆம் ஆண்டில் ரோசென்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் தம் ஆய்வொன்றை வெளியிட்டனர். சில பிள்ளைகள் விரைவில் முன்னேறுவர் என்று ஆசிரியரிடம் சொல்லிவைத்தனர். உண்மையில் அப்பிள்ளைகள் குலுக்கல் முறையில் தெரிவானவர்கள். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினர். அம்முன்னேற்றத்தின் அளவு பற்றிப் பின்வந்த அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஆசிரியரின் எதிர்பார்ப்புப் பிள்ளையைத் தொடுகின்றது என்பதை நம் பட்டறிவே உணர்த்தும். "படிப்பு ஏறாது" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாமற் போவதில் வியப்பில்லை.

எனவே ஆசிரியருக்கும் கல்வி அலுவலருக்கும் பயிற்சி வேண்டும் என்கின்றோம். அப்பயிற்சி எத்தகையதாக இருத்தல் வேண்டும்? அதே 1968ஆம் ஆண்டில் அமெரிக்க ஆசிரியை ஜேன் எலியட், தம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தைக் கொண்டு இரு பிரிவாக்கி, ஒரு நாள் ஒரு பிரிவையும் மறுநாள் மற்றப் பிரிவையும் தாழ்வாக நடத்தி, ஒதுக்கப்படுவதன் வலியை உணரச் செய்தார். பின்னாளில் வளர்ந்தோருக்கும் அவர் அப்பயிற்சியை நடத்தினார். அதனைப் பாராட்டியவரும் உண்டு; கண்டித்தவரும் உண்டு. ஒரு நாள் அதிர்ச்சி ஒருவரைச் சிந்திக்கச் செய்யலாம். பரம்பரை வழக்கத்தை அது தனித்து மாற்றிவிடாது. ஒரு மண்டபத்தில் கூட்டி, விரிவுரை நிகழ்த்தி, தேநீர் கொடுத்து, சான்றிதழ் வழங்கி அனுப்பும் பயிற்சியோ சிந்திக்கக்கூடச் செய்யாது.

வன்னிக்கு ஏற்ற பயிற்சி வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். 1930ஆம் ஆண்டில் எரிந்த பாடசாலைகளைப் பற்றியும், 1948ஆம் ஆண்டின் சட்டத்தைப் பற்றியும், மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த கால்களைப் பற்றியும், 1990ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்ட அயலவரைப் பற்றியும் அறியாத ஆசிரியர், தம் முன்னால் இருக்கும் பிள்ளையை எவ்வாறு அறிவார்? அடுத்து, ஆசிரியர் தம் வகுப்பறையைத் தாமே எண்ணிப் பார்க்கப் பழக வேண்டும். முன் வாங்கில் இருப்போர் யார்? சென்ற வாரம் தாம் கேள்வி கேட்ட பிள்ளைகள் யார்? வகுப்பைக் கூட்டியவர் யார்? பரிசளிப்பு விழாவில் விளக்கேற்ற நின்றவர் யார்? இவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் உபதேசம் வேண்டாதபடி உண்மை விளங்கும். ஆசிரியர் அறையில் பேசப்படும் பேச்சும் பயிற்சியின் பொருளாதல் வேண்டும். ஏனெனில் அங்கே நகைச்சுவையாகச் சொல்லப்படும் ஒரு சொல் மறுநாள் வகுப்பறையில் வசையாக வெளிப்படும். அலுவலரைப் பொறுத்தவரை, ஆவணம் இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக அவ்வாவணத்தைப் பெற்றுக்கொடுக்கும் வழியைக் கற்றிருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காந்தீயம் காட்டிய வழியில், ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளிலிருந்தே ஆசிரியர்கள் உருவாகுதல் வேண்டும்.

சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கை ஒன்றைக் கல்வி அமைச்சு 2008ஆம் ஆண்டிலேயே வகுத்தது. வவுனியாவில் தேசியக் கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. கொள்கைக்கும் கட்டடத்துக்கும் குறைவில்லை. அக்கொள்கை பெரும்பாலும் இனத்துக்கும் இனத்துக்கும் இடையிலுள்ள பிணக்கைப் பற்றியே பேசப்படுகின்றது. ஓரினத்துக்குள்ளேயே பிறப்பால் எழும் பிணக்கையும் அதே நேர்மையோடு பேசினாலன்றி வன்னியில் அது வேரூன்றாது.

நேயர்களே, சம ஆசன ஆணை பிறந்து நூறு ஆண்டுகள் நிறைவெய்தும் காலம் அணுகிவிட்டது. அந்நூற்றாண்டை விழா எடுத்துக் கொண்டாடுவதைக் காட்டிலும், வன்னியிலுள்ள ஒவ்வோர் ஆசிரியரும் இடாப்பைத் திறக்கும்போது ஒரு கணம் தயங்கி, "சொந்த ஊர் எது?" என்னும் வினாவை விடுத்து, "தம்பி, உனக்கு எந்தப் பாடம் விருப்பம்?" என்று கேட்கப் பழகுவாராயின், அன்று வாங்குக்காகப் போராடியவர்களுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவே ஆகும்.